50 என்று எழுதி 11-இல் நின்றவருக்கு

உங்கள் கேள்வி இது: போன ஜனவரியில் 50 புத்தகம் என்று இலக்கு வைத்தீர்கள். டிசம்பர் முடியும்போது கணக்கில் இருந்தது 11. ஜூனில் எடுத்த 800 பக்க நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. வேலைக்குப் போகிறீர்கள், வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. இந்த வருடம் 20 என்று குறைத்துக்கொள்ளலாமா, இல்லை இலக்கு என்ற தொல்லையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

இரண்டும் வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் சொல்லும் முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வாசிப்பு பற்றிப் பேசும்போது எல்லோரும் உணர்ச்சியில் இறங்கிவிடுகிறோம், கணக்கை யாரும் தொடுவதில்லை.

ஒரு புத்தகம் சராசரியாக 250 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 50 புத்தகம் என்றால் 12,500 பக்கம், அதாவது நாளுக்கு 34 பக்கம். பக்கத்துக்கு 2 நிமிடம் ஆகும் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல், காய்ச்சல் நாள், பயண நாள், விருந்தாளி வந்த நாள் எல்லாம் சேர்த்து 365 நாளும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா என்று உங்களுக்கே தெரியும். எழுதும்போது தெரியாமல் போனதற்குக் காரணம், வாரத்துக்கு ஒன்று, வருடத்துக்கு 52, ரவுண்டாக 50 என்று அந்த எண் அழகாக வந்து உட்கார்ந்துகொள்வதுதான். படித்த புத்தகங்களைப் பதிவுசெய்யும் குட்ரீட்ஸ் இணையதளம் 2011-இல் ஆண்டு வாசிப்புச் சவாலைத் தொடங்கிய பிறகு, ஜனவரி முதல் தேதியில் ஒரு எண்ணை அறிவிப்பது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. எண்ணைக் கேட்கும் அந்தக் கட்டம் நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்பதில்லை.

இப்போது நீங்கள் உண்மையில் படித்ததைப் பாருங்கள். முடித்த 11 புத்தகம், 2,750 பக்கம். பாதியில் நிற்கும் நாவலில் 400 பக்கம். மொத்தம் 3,150. பக்கத்துக்கு 2 நிமிடம் என்றால் 6,300 நிமிடம், அதாவது 105 மணி நேரம். நாளுக்கு 17 நிமிடம் வருகிறது. குழந்தையை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, வருடம் முழுக்க நாளுக்கு 17 நிமிடம் படித்த ஒருவர் "நான் தோற்றுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்! அதிலும் அந்த 400 பக்கம் உங்கள் கணக்கிலேயே இல்லை. ஒன்றரைப் புத்தகத்துக்கு மேல் படித்துவிட்டு அதற்குப் பூஜ்யம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், கடைசிப் பக்கம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக.

இன்னொன்றும் கவனியுங்கள். 20 என்று "குறைத்துக்கொள்ள" நினைக்கிறீர்களே, 20 புத்தகம் என்றால் 5,000 பக்கம். போன வருடம் படித்ததைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதல். 50 என்ற எண் அருகில் நிற்பதால்தான் 20 சின்னதாகத் தெரிகிறது.

இதில் உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை, மனித மனமே இப்படித்தான் திட்டம் போடும். டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று சொன்னார்கள். எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்னதே போதவில்லை. நாம் திட்டம் போடும்போது வரப்போகும் நாட்களைக் கற்பனை செய்கிறோம், கற்பனையில் குழந்தைக்குச் சளி பிடிப்பதில்லை. ஆகவே இலக்கு வைக்கும்போது வரும் வருடத்தை விட்டுவிட்டுப் போன வருடத்தைக் கேளுங்கள். 105 மணி நேரம் என்று அது பதில் சொல்லிவிட்டது.

பக்கத்துக்கு 2 நிமிடம் என்று நான் போட்டது என் கைக்கணக்கு. உங்களுடையதை நீங்களே அளந்துகொள்ள வேண்டும். இணையத்தில் தேடினால் நிமிடத்துக்கு 200, 250, 300 சொற்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பிரைஸ்பர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் சொன்னது: ஆங்கிலத்தில் மௌனமாகப் படிப்பவர்கள் அபுனைவை நிமிடத்துக்குச் சுமார் 238 சொல், புனைவை 260 சொல் என்ற வேகத்தில் படிக்கிறார்கள். இதை அப்படியே தமிழுக்குத் தூக்கி வைக்க முடியாது. "படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்" என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அது அரை வரி.

அளப்பது ரொம்பச் சுலபம். நீங்கள் வழக்கமாகப் படிக்கிற ரகத்தில் ஒரு புத்தகம் எடுங்கள், போனில் 20 நிமிடம் வையுங்கள், மணி அடித்ததும் எத்தனை பக்கம் என்று பின்னட்டையில் பென்சிலால் குறியுங்கள். மூன்று நாள் செய்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: விடுமுறை நாள் காலையில், மனம் தெளிவாக இருக்கும்போது அளக்காதீர்கள். நிஜமாக எப்போது படிக்கப் போகிறீர்களோ அப்போது அளக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய்ப் படிக்கும்போது என் வேகம் காலையில் இருப்பதில் பாதிதான். தத்துவம், அறிவியல் எல்லாம் அந்த நேரத்தில் கால்வாசிக்கு இறங்கிவிடும், அந்தக் கால்வாசியிலும் அரைவாசியை மறுநாள் திரும்பப் படிக்க வேண்டும்.

இனி, புத்தக எண்ணிக்கையை இலக்காக வைப்பதில் எனக்கு இருக்கிற பெரிய மனத்தாங்கலைச் சொல்கிறேன். நானும் அதில் விழுந்து எழுந்தவன்தான்.

பதினைந்து வருடமாக ஒரு கோடு போட்ட நோட்டில் படித்ததையெல்லாம் எழுதி வருகிறேன். தேதி, தலைப்பு, ஒரு வரி. சில வருடங்களுக்கு முன் 60 என்று சூளுரைத்த ஒரு வருடம் உண்டு. அந்தப் பக்கங்களை இப்போது புரட்டினால் அக்டோபர் வரைக்கும் ஒரு மனிதர் எழுதியது போலவும், நவம்பரிலிருந்து வேறு ஒருவர் எழுதியது போலவும் இருக்கும். அக்டோபர் வரை ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் நாலு வரி, சில இடங்களில் ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதியிருக்கிறேன். நவம்பர் தொடக்கத்தில் 41. அதன் பிறகு ஏழு வாரத்தில் 19 புத்தகம்! எல்லாம் 80 பக்கம், 96 பக்கம். தலைப்புக்குக் கீழே "நன்று", "பரவாயில்லை", "நன்று". அலமாரிக்கு முன்னால் நின்று முதுகுப்புறத்தின் தடிமனைப் பார்த்துப் புத்தகம் எடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்பது அந்த 19-இல் இரண்டுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. அதே வருடம் மிகவும் ஆசைப்பட்டு எடுத்த ஒரு பெரிய வரலாற்று நூலை "ஜனவரிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிவைத்தேன். அதைத் திரும்ப எடுக்க மூன்று வருடம் ஆனது.

சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975-இல் பணக்கொள்கையைப் பற்றி ஒன்று சொன்னார். பிற்பாடு மானுடவியலாளர் மர்லின் ஸ்ட்ராத்தர்ன் அதை எல்லாத் துறைக்கும் பொருந்தும்படிச் சுருக்கினார்: ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது. மத்திய வங்கிக்குச் சொன்னது என் அலமாரிக்கும் பொருந்தியது. அந்த ஏழு வாரம் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, 60 என்ற எண். உங்கள் 800 பக்க நாவல் ஜூனில் நின்றதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். "இதை முடிக்கிற நேரத்தில் மூன்று முடித்துவிடலாமே" என்று ஒரு குரல் கேட்டிருக்கும்.

ஆகவே எண்ணை வெறுமனே குறைக்காமல், எதை எண்ணுகிறோம் என்பதை மாற்றுங்கள். புத்தகம் முடிவது உங்கள் கையில் இல்லை. அது புத்தகத்தின் தடிமனையும் நடையையும் பொறுத்தது. இன்றைக்கு 15 நிமிடம் உட்காருவது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. உட்காருவதை எண்ணுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு: வாரத்தில் 5 நாள், நாளுக்கு 15 நிமிடம், வருடத்தில் 44 வாரம். மீதி 8 வாரத்தை இப்போதே ஒன்றுமில்லாத வாரங்கள் என்று எழுதிவைத்துவிடுங்கள். அவை எப்போது வரும் என்று தெரியாது, வரும் என்பது மட்டும் நிச்சயம். கூட்டினால் 55 மணி நேரம், 1,650 பக்கம், ஆறு ஏழு புத்தகம். போன வருடம் செய்ததில் பாதிதானே என்று கேட்பீர்கள். பாதியாக இருப்பதுதான் சௌகரியம். இது தரை, கூரை கிடையாது. நல்ல புத்தகம் ஒன்று மாட்டி இரவு ஒரு மணி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் நாட்கள் தானாக வரும், அவற்றைத் திட்டத்தில் போட வேண்டியதில்லை. மோசமான வாரத்திலும் கைக்கெட்டுகிற தூரத்தில் தரை இருந்தால்தான் மறுநாள் மறுபடி புத்தகத்தைத் திறக்க மனம் வரும். பெரிதாக வைத்தால் பிப்ரவரியிலேயே ஆரம்பசூரத்தனம் தீர்ந்துவிடும், மிச்சப் பத்து மாதம் குற்ற உணர்ச்சியோடு கழியும்.

அந்த 15 நிமிடத்தை எங்கே செருகுவது என்பதுதான் உண்மையில் கடினமான பகுதி. "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் கிடைக்காது. ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஏதாவது ஒன்றின் வாலில் கட்டிவிடுங்கள். பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்: "படிப்பேன்" என்று தீர்மானிப்பதைவிட "இன்னது நடந்ததும், இன்ன இடத்தில் படிப்பேன்" என்று தீர்மானிப்பவர்கள் சொன்னதைச் செய்வது அதிகம். என் வாசகர் வட்டத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். மகனை வகுப்பில் விட்டுவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து படிப்பார், வேறெங்கும் படிப்பதில்லை. அந்தப் புத்தகம் காரை விட்டு இறங்குவதே இல்லை. வீட்டுக்குள் வந்தால் தொலைந்துவிடும் என்பார். வருடத்துக்கு ஏழெட்டு முடிக்கிறார், எல்லாம் கனமான புத்தகங்கள்.

உங்கள் வீட்டில் அது குழந்தை தூங்கியதும் என்று இருக்கலாம். அப்படியானால் ஒரு வேலை செய்யுங்கள். குழந்தை தூங்கியதும் உங்கள் கை முதலில் எங்கே போகிறது என்று இரண்டு நாள் பாருங்கள். பெரும்பாலும் தலையணைப் பக்கத்தில் சார்ஜில் இருக்கும் போனுக்குப் போகும். போனை அடுத்த அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, அது இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில் புத்தகத்தை வையுங்கள், படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து கவிழ்த்து. புத்தகம் மூடிக் கிடந்தால் அதைத் திறப்பதே ஒரு வேலையாகத் தெரியும். முதுகு ஒடியும், அப்படி வைக்கக் கூடாது என்று புத்தகப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பழக்கம் ஆக எத்தனை நாள் ஆகும் என்பதற்கு 21 நாள் என்று ஒரு கதை ஊரெங்கும் உலவுகிறது, நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமல் நடக்கத் தொடங்க ஆன காலம் நடுத்தரமாக 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அதைவிட நமக்குத் தேவையான விஷயம் வேறொன்று அதில் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால்தான் "தொடர்ந்து 100 நாள்" என்று நெருப்புப் படம் காட்டும் செயலிகள் எனக்குப் பிடிக்காது. 73-ஆம் நாள் அறுந்தால் ஏதோ 73 நாளும் வீணாகிவிட்டது போலத் துக்கப்பட வைக்கின்றன.

இதோடு சேர்ந்ததுதான் பாக்கி வைக்காமல் இருப்பது. இந்த வாரம் இரண்டு நாள்தான் முடிந்தது என்றால் அடுத்த வாரம் எட்டு நாள் ஆகாது, மறுபடி 5 நாள்தான். பாக்கியைச் சுமந்தால் மார்ச்சில் வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை நோட்டைப் பாருங்கள். 5 நாள் தங்கவில்லை என்றால் 3 நாளாக்குங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

பிடிக்காத புத்தகத்தை விடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிறையப் பேரின் வருடம் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. ஒரு புத்தகம் பிடிக்கவில்லை, அதை விடவும் மனமில்லை, அதனால் வேறொன்றையும் எடுப்பதில்லை. இரண்டு மாதம் போய்விடும். நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார். 50 பக்கம் வரை வாய்ப்புக் கொடுங்கள், ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 50 வயது தாண்டியவர்கள் 100-இலிருந்து தங்கள் வயதைக் கழித்து வரும் பக்கம் வரை படித்தால் போதும். எனக்கு 54 ஆகிறது, ஆக 46 பக்கம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பக்கம் தள்ளுபடி கிடைக்கிறது, வயதாவதில் வேறென்ன சலுகை இருக்கிறது. நூலகவியலுக்கு 1931-இல் ஐந்து விதிகள் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதனின் நான்காம் விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் அதை நூலகத்தை நடத்துபவர்களுக்குச் சொன்னார். எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் அது உதவுகிறது. என் நோட்டில் "விட்டது" என்று தனியாக ஒரு பக்கம் உண்டு, எந்தப் பக்கத்தில் ஏன் விட்டேன் என்று ஒரு வரியோடு. போன வருடம் அதில் 9 இருக்கின்றன. இரண்டை எப்போதாவது திரும்ப எடுப்பேன். புத்தகத்தில் குறை இல்லை, நான் படித்த நேரம் சரியில்லை என்று அந்த ஒரு வரியே சொல்கிறது.

சின்னச் சந்தேகங்களையும் தீர்த்துவிடுகிறேன். ஒலிநூல் கணக்கில் சேருமா? சேரும். ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிப்பது? தாராளமாக, நிமிடத்தை எண்ணுவதால் அதற்கும் தண்டனை இல்லை. கவிதைத் தொகுப்பில் ஒரே பக்கத்தில் 15 நிமிடம் நின்றுவிட்டால்? மிகவும் நல்லது. குழந்தைக்கு வாசித்துக் காட்டும் படக்கதைகள்? அதே யானையும் எலியும் நாற்பதாவது தடவை என்றாலும் சேரும். அதில் பக்கம் புரட்டும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதுதான் ஒரே வித்தியாசம். வாங்கிக் குவித்துப் படிக்காமல் வைத்திருக்கும் புத்தகங்களை இலக்குக்குள் இழுக்காதீர்கள். அது வேறு நோய், அதற்கு ஜப்பானியர்கள் சுண்டோக்கு என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் எண் எழுதினால்தான் நிறைவு என்றால், நோட்டின் முதல் பக்கத்தில் வாரம் 5 என்று எழுதுங்கள். அதற்குக் கீழே இந்த வருடம் படித்தே ஆக வேண்டும் என்று நெஞ்சுக்குள் இருக்கும் ஒன்றே ஒன்றின் பெயரை எழுதுங்கள். உங்களுக்கு அது எது என்று எனக்கே தெரிகிறது. ஜூனில் நின்ற நாவல்.

அதை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஆறு மாதமாகத் தொடாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். புத்தகக்குறி எங்கே இருக்கிறதோ அதற்கு முந்தைய அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். ஒரு துண்டுத்தாளில் பாத்திரங்களின் பெயரை, யாருக்கு யார் என்ன உறவு என்று வரும்போது வரும்போது எழுதிக்கொள்ளுங்கள். பாதி நினைவுக்கு வரும், மீதிக்கு ஆசிரியரே ஏதாவது ஓரிடத்தில் ஞாபகப்படுத்துவார். 800 பக்கம் எழுதுகிறவர்கள் வாசகர் நடுவில் எழுந்து போவார் என்று தெரிந்துதான் எழுதுகிறார்கள். மிச்சமிருக்கும் 400 பக்கம் உங்கள் 15 நிமிடக் கணக்கில் 53 அல்லது 54 இரவு. வாரத்துக்கு 5 என்றால் 11 வாரம், நடுவில் ஒரு வாரம் காய்ச்சலுக்கு விட்டால் மார்ச் கடைசி.

முதல் நாள் போனை மட்டும் மறக்காமல் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.